பதினோராம் ரீலும் எட்டு வாளிகளும்

திருவள்ளூர்,
18-9-1973, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி கிருஷ்ணஸ்வாமிக்கு அத்திம்பேர் ஸம்பத்குமார் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா அரவிந்தவல்லியும் க்ஷேமம். உங்கள் கம்பெனியின் படப்பெட்டி க்ஷேமம். பெட்டிக்குள் பதினாலு ரீலும் க்ஷேமம். என் இடது முழங்கை மட்டும் கொஞ்சம் க்ஷேமக் குறைவு. அதற்குக் காரணம் கீழே அதனதன் இடத்தில் வரும். நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அனுக்கிரகம் செய்யட்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால், பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு உங்கள் விநியோகக் கம்பெனியில் இந்த ரெப்ரசென்டேடிவ் வேலையை வாங்கிக் கொடுத்தபோது, என்னை நீ ஒரு கேள்வி கேட்டாய். "அத்திம்பேர், உங்களுக்குப் பேய்னா பயம் உண்டோ?" என்றாய். முப்பத்தாறு வருஷம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் பாடம் எடுத்தவனைப் பேய் என்னடா செய்துவிடும் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பெட்டியை ரயிலில் வாங்கிக்கொண்டு போய் டூரிங் கொட்டகையில் சேர்த்து, ஆட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலைக்குப் பேய்ப் பயம் எதற்குக் குறுக்கே வருகிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. நீயும் நாலு வருஷம் இதே பெட்டியோடு ஊர் ஊராக அலைந்தவன்தான். அறுபத்தேழில் திடீரென்று ஆபீஸ் நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். திருப்பாச்சூர் கொட்டகையில் ஓடுகிற "கருங்கல் பங்களா" படத்தைப் பற்றி யாரோ ஒரு ரசிகர் கம்பெனிக்குக் கார்டு போட்டிருக்கிறார் என்றும், பத்தாவது ரீல் வரைக்கும் பேயாக இருந்த பெண் அடுத்த ரீலில் பூ வைத்துக்கொண்டு டாக்டரோடு டூயட் பாடுவது எந்த ஊர் நியாயம் என்று அதில் கேட்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். ஆபரேட்டர் ஒரு ரீலை அப்படியே திருடி விற்றிருக்க வேண்டும் என்று முதலாளி சந்தேகப்படுவதாகவும், நான் விசாரித்து எழுதினால் அவன் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி மேலே எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தாய். நான் அங்கே இருந்தும் ஏன் கவனிக்கவில்லை என்றும் ஒரு வரி, அக்கா புருஷன் என்ற மரியாதையோடு, கேட்டிருந்தாய். முதல் நாலு நாளும் நான் இடைவேளையோடு கிளம்பிவிட்டேன். கடைசி பஸ் போய்விடுமே என்றுதான்.

உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை, முதல் ஆட்டத்தை முழுக்கப் பார்ப்பது என்று போய் உட்கார்ந்தேன். கொட்டகை முதலாளி தாவீது என்னிடம் படித்தவன். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்ததால் மற்றவர்களைவிட என்னிடம் அவனுக்கு மூன்று பங்கு மரியாதை. எனக்கு நாற்காலி போட்டு, அதன் மேல் துண்டையும் விரித்தான். அங்கே புரொஜெக்டர் ஒன்றுதான். ஒவ்வொரு ரீலும் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். மற்ற கொட்டகைகளில் இதற்கு மூன்று நிமிஷம் ஆகும். இங்கே ஆறு நிமிஷம் ஆகிறது. ஏனென்றால் ஆபரேட்டர் சடையப்பன் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் வெளியே வந்து, சுவரோரம் வரிசையாக வைத்திருக்கும் எட்டு சிவப்பு வாளிகளையும் தொட்டுப் பார்க்கிறான். நாலில் மணல், நாலில் தண்ணீர். தீ அணைப்பதற்காக எல்லாக் கொட்டகையிலும் வைக்கிற வாளிகள்தான், ஆனால் மற்ற இடங்களில் அவற்றில் வெற்றிலைச் சாறு இருக்கும். இவன் ஒவ்வொன்றிலும் விரல் விட்டு ஆழம் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுத்தான் உள்ளே போகிறான். சனங்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், "இன்னா ஆபரேட்டரே, வாளில மீனு வளக்கிறியா?" என்று தினமும் கேட்கிறானாம். தினமும் எல்லாரும் சிரிக்கிறார்களாம். சடையப்பன் அடுத்த வாளிக்குப் போய்விடுகிறான். முப்பது வயது, துவைத்த சட்டை, வகிடு எடுத்த தலை. பார்த்தால் நம் பள்ளிக்கூட ரைட்டர் மாதிரி இருப்பான்.

படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் மற்றது உனக்கு விளங்காது. நீங்கள் பெட்டி அனுப்புகிறவர்கள், படம் பார்ப்பதில்லை என்று தெரியும். மேகலா என்று ஒரு பெண் ஒரு பங்களாவில் தலைவிரி கோலமாக நடக்கிறாள், சிரிக்கிறாள், யாராவது விளக்கேற்றினால் அலறி அதை ஊதி அணைக்கிறாள். ஊரார் பேய் என்கிறார்கள். பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். இதெல்லாம் பத்து ரீல். அன்றைக்குப் பத்து முடிந்து, விளக்கு அணைந்து, மறுபடி படம் வந்தபோது கார்டு போட்டவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. மேகலா கொண்டை போட்டுக்கொண்டு பாடினாள். இடையில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சனங்கள் காரணம் இல்லாமல் விடமாட்டார்கள் பார். அம்மன் வந்து பேயை ஓட்டியது, அந்த ரீலை சென்சார்காரன் வெட்டிவிட்டான் என்று கொட்டகைக்குள் ஒரு கட்சி. பேய் போகவே இல்லை, டாக்டரை மயக்கிக் கல்யாணம் செய்துகொண்டது, இனிமேல்தான் இருக்கிறது அவனுக்கு என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகம். மறுநாள் காலையில் திருப்பாச்சூரில் ஈரத் தலையை ஆற்றிக்கொண்டு வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து ஆண்கள் தெருவின் அந்தப் பக்கமாகப் போனதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினோராம் ரீல் அதன் தகர டப்பாவிலேயே இருந்தது. திருட்டும் இல்லை, விற்பனையும் இல்லை. ஏனப்பா ஓட்டவில்லை என்று சடையப்பனைக் கேட்டேன். "ரீலு கிஞ்சிருக்குது சார். ஓட்டுனா மிஷின்ல மாட்டிக்கும்" என்றான். பொய் சொல்லும் பையன்கள் என் மூக்கைப் பார்த்துப் பேசுவார்கள், கண்ணைப் பார்க்க மாட்டார்கள். இவனும் மூக்கைத்தான் பார்த்தான். சரி, எங்கே கிழிந்திருக்கிறது பார்க்கலாம் என்று ரீலைச் சுற்றுகிற மேஜையில் நானே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். ஆயிரம் அடியில் ஒரு கிழிசல் இல்லை. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது. ரீல் ஆணியிலிருந்து கழன்று கீழே விழுந்து, வாசல் வழியாக உருண்டு, கருப்பு வாலை நீட்டிக்கொண்டு, கொட்டகைக்கு முன்னால் கடலை வறுத்துக்கொண்டிருந்த அஞ்சம்மாளின் அடுப்பை நோக்கிப் போயிற்று. நான் பின்னால் ஓடினேன். எனக்கு முன்னால் சடையப்பன் ஓடினான். அவன் ரீலைப் பிடிக்கவில்லை. இரண்டு மணல் வாளிகளை எடுத்து அடுப்பின் மேல் கொட்டினான். அடுப்பு, சட்டி, கடலை, அஞ்சம்மாளின் முழங்கால் எல்லாம் மணலுக்குள் போயிற்று. பிறகு போய் வாளிகளை மறுபடி நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்து, தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். 

அஞ்சம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ரீலின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மணலைச் சலித்துக் கடலையைப் பொறுக்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அவள் சடையப்பனுக்கு அத்தை முறை. அவள் புருஷன் முனுசாமிதான் அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்த ஆபரேட்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு கொட்டகையில் மாமனும் மருமகனும் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் கூரைக் கீற்று பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து படுதாக்களைத் தூக்கிக் கட்டி சனங்களை ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே அனுப்பிவிட்டு, தாங்களும் வெளியே வந்துவிட்டார்கள். நெருப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்பதை நன்றாகக் கவனி. அப்புறம் நடந்ததை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "கம்பெனி அய்யரு ஒருத்தரு, பொட்டி பொட்டின்னு கத்திக்கினே கீறாரு. இவரு உள்ள போனாரு. பொட்டியத் தூக்கி வெளிய போட்டாரு. பொட்டி வந்துச்சு. அவரு வர்ல." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கடலை சொத்தையாக இருந்தது என்று சொன்னாள். ஆறு வருஷமாகக் கொட்டகை வாசலில் கடலை விற்கிறாள், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நான் அந்த அய்யர் யார் என்று கேட்கவில்லை.

பதினோராம் ரீலில் என்ன இருக்கிறது என்று இப்போது நீயே ஊகித்திருப்பாய். திரும்பச் சுற்றும்போது வெயிலில் பிடித்து நானும் பார்த்தேன். மேகலா சின்னக் குழந்தையாக இருக்கும்போது வைக்கோற்போர் தீப்பிடித்து அவள் தாயார் உள்ளே மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறாள். அதனால்தான் விளக்கைக் கண்டால் அலறுகிறாள். அவள் பேயில்லை, பயந்துபோன குழந்தை. அந்த ரீலின் கடைசியில் டாக்டர் அவளுக்கு விளக்கை நேருக்கு நேர் காட்டித் திடுக்கிட வைத்து, ஓங்கி ஓர் அறை விடுகிறார். உடனே எல்லாம் ஞாபகம் வந்து தெளிந்துவிடுகிறாள். அடுத்த ரீலில் பாட்டு.

இதற்கு வைத்தியம் என்ன என்று சனிக்கிழமை மத்தியானம் முழுக்க யோசித்தேன். உன் அக்கா, பெருமாள் கோயில் குளத்தில் அவன் பேரைச் சொல்லி வெல்லம் கரைத்தால் வியாதி கரைந்துவிடும் என்றாள். அஞ்சம்மாள் வீட்டார் ஏற்கனவே இரண்டு இடத்தில் மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார்கள். தாயத்தும் இருக்கிறது, வாளிகளும் இருக்கின்றன. தாவீது என் முன்னால் வந்து நின்று, "சார், கம்பெனிக்கு இன்னா எழுதப்போறீங்க? லைசென்ஸு போச்சுன்னா அவன் எங்க சார் போவான்? குணசுந்தரிக்கு வேற ஏழு மாசம்" என்றான். குணசுந்தரி சடையப்பனின் சம்சாரம். நான் எதையும் உதாரணத்தோடு சொல்லிக் கொடுத்தே பழகியவன். கையில் ஒரு உதாரணம் பதினாலு ரீலில் இருக்கும்போது அதை விட மனம் வரவில்லை. டாக்டர் செய்ததை நாமும் செய்து பார்க்கலாமே, அறையை மட்டும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. அறையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பத்தாறு வருஷம் அறைந்திருக்கிறேன். ஒருவனுக்கும் மறந்தது ஞாபகம் வந்ததில்லை, ஞாபகம் இருந்ததும் போய்விடும். ஆகவே சடையப்பனைக் கூப்பிட்டு, இன்று ராத்திரி அந்த ரீலை ஓட்டு, நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்றேன். ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்ததால்தான் அவனுக்குப் பயமே வந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை பார். அவன் என் மூக்கைப் பார்த்து, "நீங்க சொன்னா சரி சார்" என்றான். அந்த வாக்கியத்தை நம்பி நான் எத்தனையோ பையன்களைக் கணக்கில் பெயிலாக்கியிருக்கிறேன்.

அன்று முதல் ஆட்டம். பத்தாவது ரீல் முடிந்தது. எட்டு வாளிகளையும் தொட்டான். பதினொன்றை மாட்டினான். ஆபரேட்டர் அறை என்பது தகரத்தால் அடைத்த ஒரு கூண்டு, இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாகக் காற்றுக்கு இடமில்லை. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். குழந்தை மேகலா ஓடினாள், விளையாடினாள். வைக்கோற்போரில் பொறி விழுந்தது. சடையப்பன் மிஷினை நிறுத்தினான், விளக்கைப் போட்டான், வெளியே போனான். கத்தவில்லை. கோயிலில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் மாதிரிப் படுதாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிக்கொண்டே, "அல்லாரும் எயுந்து வெளியே போங்க. ஓடாதீங்க. கொயந்த வச்சிருக்கறவங்க மொதல்ல" என்றான். அந்தக் குரலில் ஏன் எதற்கு என்று கேட்க இடமில்லை. முந்நூறு பேர் எழுந்து, செருப்பைத் தேடி, குழந்தைகளைத் தூக்கி, வரிசையாக வெளியே போய் வயலோரம் நின்றார்கள். மீன் வளர்ப்பு பற்றி விசாரிக்கிறவனும் போனான்.

கூண்டுக்குள் நான் தனியாக இருந்தேன். சனங்கள் போகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? பெருமாள் வரவில்லை. உன் அக்கா வரவில்லை. நீ டைப் அடித்துக் கொடுத்த ரெப்ரசென்டேடிவ் விதிகளில் ஏழாவது விதி வந்தது. "தீ, மழை, கலகம் எது நேர்ந்தாலும் முதற்கண் படப்பெட்டியைப் பாதுகாக்க வேண்டியது." நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பெட்டி, பெட்டி, யாராவது பெட்டியைத் தூக்குங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் கத்துகிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சடையப்பன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "பொட்டி எரிஞ்சா எரியட்டும். நீ வா சாமி" என்று சொல்லி, இடது கையைப் பிடித்து ஒரே இழுப்பு. முழங்கை கதவில் இடித்தது. இதுதான் மேலே சொன்ன க்ஷேமக் குறைவு. ஆறு மாதமாக என்னை சார் என்று கூப்பிட்டவன் அன்று ஒருமையில் கூப்பிட்டான். எனக்கு அது இன்னும் காதில் சுகமாக இருக்கிறது.

வெளியே வந்து எல்லாரும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டகை எரியவில்லை. எரிகிற உத்தேசம் அதற்கு இருந்ததாகவும் தெரியவில்லை. எங்கே நெருப்பு என்று யாரோ கேட்டார்கள். சடையப்பன் எல்லாத் தலைகளையும் எண்ணி முடித்துவிட்டு, "இல்ல. வர்ல" என்றான். தாவீது தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். சும்மா நின்ற முந்நூறு பேருக்கும் பசித்ததால் அஞ்சம்மாளிடம் மணல் கலந்த கடலைகூட மிச்சமில்லை. திட்டினவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. மீன் வளர்ப்பு விசாரிக்கிறவன் மட்டும் சிரிக்கவில்லை. அவசரத்தில் யாரோ ஒரு தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்திருந்தார்கள். அந்தக் கேள்விக்காரனே போய் அதை நிரப்பிக்கொண்டு வந்து வரிசையில் வைத்தான். விரல் விட்டு ஆழமும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏற்பாடு செய்தோம். இதில் டாக்டருக்கோ பூசாரிக்கோ எனக்கோ பங்கில்லை. நான் தாவீதிடம், எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவனே, உனக்கு வேறு என்னதான் தெரியும் என்று அலுத்துக்கொண்டபோது, அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தன்னிடமும் பழைய ஆபரேட்டர் லைசென்ஸ் ஒன்று இருக்கிறது என்றான். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லையே சார் என்றான். ஆகவே இப்போது பதினோராம் ரீலைத் தாவீது ஓட்டுகிறான். அந்தப் பத்து நிமிஷமும் சடையப்பன் வெளியே, வாளிகளுக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ரீல் முடிந்ததும் உள்ளே வந்து பன்னிரண்டை மாட்டுகிறான். அவ்வளவுதான் வைத்தியம். அவன் தெளிந்துவிட்டானா என்று கேட்டால், இல்லை. வாளிகளை இன்னும் தொடுகிறான். ஆனால் படம் முழுக்க ஓடுகிறது.

பதினோராம் ரீலோடு படத்தைப் பார்த்த சனங்களையும், அது இல்லாமல் பார்த்த சனங்களையும் பார்த்தவன் உங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன். ரீல் இல்லாத நாளில் அவர்கள் பேயைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் ஈரத் தலைக்குப் பயந்தார்கள். ரீல் ஓடின நாளில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் அவள் எத்தனை தடவை அலறினாலும் ஒருவரும் பயப்படவில்லை. பாவம், யாராவது அந்த விளக்கை எடுத்து வையுங்களேன் என்று ஒரு கிழவர் திரையைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கிறது. பேய்க்கு ஒரு காரணம் உண்டு, அது எங்கேயோ ஒரு ரீலில் சுருண்டு கிடக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. மற்ற பாதி தெரியவில்லை. மனசு கலங்கினவர் என்றால் தலையை விரித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவன் வகிடு எடுத்து வாரியிருக்கிறான். பழசு ஞாபகம் வரும்போது பின்னால் வயலின் வாசிக்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே கடலை வறுக்கிற வாசனையில் வருகிறது. ஒரு அறையில் தீரும் என்கிறார்கள். சடையப்பன் ஆறு வருஷமாகக் கேட்டிருக்கக்கூடியது இவ்வளவுதான்: அந்த ஒரு ரீலை மட்டும் வேறு யாராவது ஓட்டுங்கள். கேட்கத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

கம்பெனி ரிப்போர்ட்டில் குறைபாடுகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில், "பதினோராம் ரீல் முழுமையாக உள்ளது. ஆபரேட்டரும் முழுமையாக உள்ளார். ஏழாவது விதி மட்டும் குறைபாடுடையது. அதை அடித்துவிட்டு, முதலில் ஆட்கள் என்று எழுத வேண்டியது" என்று எழுதியிருக்கிறேன். முதலாளியிடம் நீதான் நல்லபடியாக எடுத்துச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் விஷயமாக மேலே எதுவும் எழுதிவிடாதே. குணசுந்தரிக்கு ஏழு மாசம் என்பதை மறந்துவிடாதே. குழந்தைகள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். உன் சம்சாரம் பூமாவுக்கு உன் அக்கா வடாம் அனுப்பியிருக்கிறாள், இரண்டு நாள் வெயில் காட்டச் சொல். தீர்க்காயுசாக, கண் நிறையத் தூங்கி, சௌக்கியமாக இரு.

இப்படிக்கு,
அத்திம்பேர்,
ஸம்பத்குமார்.

பி.கு.: மேலே எழுதியதில் சிலவற்றைத் திருத்த வேண்டும். கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு. முதல் ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டே அதைப் பிடிக்கலாம். நாலு நாளும் நான் இடைவேளையோடு கிளம்பியது மேகலாவின் சிரிப்புக்குப் பயந்துதான். உன் கேள்விக்குச் சரியான விடை அது. தேர்வு எழுதியவனே திருத்தியதால் மார்க்கு வேண்டாம்.

லைசென்ஸுக்காக நீ யாரிடமும் பேச வேண்டாம். ரிப்போர்ட்டை நேற்றுக் காலை முதல் ரயிலில் நானே கொண்டுபோய், நீ ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அங்கேயே ஏழாவது விதியைப் பேனாவால் அடித்தார். பின் எதற்கு உன்னிடம் இத்தனை கெஞ்சல் என்றால், நீ கடைசி வரை படிக்க வேண்டும் என்பதற்காக. பாதியில் எழுந்து போகிற பழக்கம் நம் இருவருக்கும் இருக்கிறது.

அந்த அய்யர் யார் என்று நான் அஞ்சம்மாளைக் கேட்கவில்லை. ஆறு வருஷம் என்று அவள் சொன்னதுமே, அறுபத்தேழு என்று தெரிந்துவிட்டது. நீ தீபாவளிக்குத் தீபாவளி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவது ஏன் என்றும், உன் அக்கா ஆறு வருஷமாக அமாவாசை தவறாமல் குளத்தில் வெல்லம் கரைப்பது யாருக்காக என்றும் நான் கேட்டதே இல்லை. இந்தக் கடிதம் சடையப்பனைப் பற்றியதே இல்லை, கிருஷ்ணா. உன்னை நான் குற்றம் சொல்ல முடியாது. சனிக்கிழமை அதே வார்த்தையை நானும் கத்தினேன். எனக்குக் கொட்டகை எரியவில்லை, உனக்கு எரிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் சடையப்பனிடம் உன் பெயரைச் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த ரீலை முடித்து டப்பாவில் வைத்தான். பிறகு, "அவரும் அப்ப நடுங்கிக்கினுதான் சார் கத்துனாரு. நல்லாக்கீறாரா?" என்றான். அஞ்சம்மாளிடமும் சொன்னேன். அவள் கடலைக்கு உப்புத் தண்ணீர் தெளித்தாள். அவள் என்ன சொல்வாள் என்று என்னால் உனக்கு உறுதி சொல்ல முடியாது. நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. வருவாய் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்துக்கு வா. படம் பார்க்க வேண்டாம். பதினோராம் ரீல் ஓடுகிற பத்து நிமிஷம், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாளிகளுக்குப் பக்கத்தில் அவனோடு நில்.